திறந்த கல்லறையும் நம் கல்லறைத் தோட்டமும்



யூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய கதையும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், திருவிழா நினைவுகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காணலாம். நாம் இங்கே எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. வல்லமானாலும், செஞ்சியானாலும், திண்டிவனமானாலும், கிறிஸ்தவர்கள் வாழும் இடத்தில் ஒரு கோயில் இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கும். நாம் விசுவசிப்பதைக் கோயிலில் வாயால் அறிக்கையிடுகிறோம். அதை உண்மையாகவே விசுவசிக்கிறோமா என்பது கல்லறைத் தோட்டத்தில் தெரிந்துவிடுகிறது.

ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையின் முடிவில் இறந்தோரின் உயிர்ப்பையும் வரவிருக்கும் வாழ்வையும் நாம் ஏற்றுக்கொள்ளுகிறோம். இந்த விசுவாசம் எவ்வழியாக நம் கைக்கு வந்தது? நம்மிடம் அது எதைக் கேட்கிறது? இவற்றைச் சிறிது சிந்திப்போம்.

கொரிந்து நகரில் எழுந்த கேள்வி

கிறிஸ்து பெருமான் உயிர்த்தெழுந்ததைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம். அது சுமார் கி.பி. 55இல் எழுதப்பட்டது. ஆண்டவர் மரித்து உயிர்த்து இருபத்தைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களின் பட்டியலை அதன் 15ஆம் அதிகாரத்தில் சின்னப்பர் தருகிறார். இராயப்பர், பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர்கள், யாகப்பர், கடைசியாகத் தாமும் என்று வரிசையாகச் சொல்லுகிறார். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுகிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல் அந்த வார்த்தை நிற்கிறது. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் தமது போதனையும் வீண், அவர்களுடைய விசுவாசமும் வீண் என்று வாதாடுகிறார்.

இதே திருமுகத்தில் வேறொரு செய்தியும் இருக்கிறது. ஆண்டவருடைய விருந்துக்குக் கொரிந்து சபையார் கூடியபோது, வசதி படைத்தவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள்; இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். சின்னப்பர் அதை 11ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்ளுகிறார். பந்தியில் பிரிவினை இருந்த சபையில்தான் இறந்தவர் உயிர்ப்பது எப்படி என்ற ஐயமும் எழுந்தது. எல்லாரும் ஒரே வாழ்வுக்கு எழுவோம் என்று நம்புகிறவன் ஒரே பந்தியில் உட்கார ஏன் தயங்குவான்?

உறங்கும் இடம்

பழைய கிறிஸ்தவர்கள் கல்லறைக்கு இட்ட பெயரே அவர்களுடைய விசுவாசத்தைச் சொல்லும். கிரேக்க மொழியில் அவர்கள் வழங்கிய சொல்லுக்கு உறங்கும் இடம் என்பது பொருள். படுத்தவன் விடிந்தால் எழுவான். அதுபோல நம் மரித்தோரும் எழுவார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

உரோமையில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்தைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பாப்பரசர் செபிரினுஸ், கலிஸ்துஸ் என்ற திருத்தொண்டரிடம் ஒப்படைத்தார். அது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். கலிஸ்துஸ் முன்பு அடிமையாக இருந்தவர். அடிமையாயிருந்த அவரே பின்னர் பாப்பரசராகவும் தெரிந்துகொள்ளப்பட்டார். அந்தச் சுரங்கக் கல்லறை இன்றும் அவர் பெயராலேயே விளங்குகிறது. கி.பி. 362இல் கிறிஸ்தவ வேதத்தை விரும்பாத ஜூலியன் பேரரசன், அது பரவியதற்குக் காரணங்களைத் தன் கடிதமொன்றில் குறிப்பிட்டான். அந்நியரிடம் காட்டும் அன்போடு, இறந்தவர்களை அடக்கம் செய்வதில் கிறிஸ்தவர்கள் காட்டும் அக்கறையையும் அவன் சொன்னான். பகைவனே கொடுத்த சாட்சி இது.

மறுபிறவியும் உயிர்ப்பும்

நம் தமிழகத்துக்கு உயிர்ப்பின் செய்தியைக் கொண்டுவந்தவர் புனித தோமையார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவந்த மரபு. மயிலையில் அவர் கல்லறையை வணங்குகிறோம். உயிர்த்த ஆண்டவரின் கைகளில் ஆணித் தழும்பைக் காண வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். ஆண்டவர் அந்தத் தழும்புகளை மறைக்கவில்லை. பாடுபட்ட அதே உடல்தான் மகிமையோடு எழுந்தது என்று காட்டினார்.

மறுபிறவி நம்பிக்கை வேரூன்றிய நாடு நம்முடையது. நம் அயலாரின் நம்பிக்கையை இகழ்வது நமக்குத் தகாது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. 1606இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள் இதற்கென்றே 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்ற நூலை எழுதினார். ஒருவன் தாழ்ந்த நிலையில் பிறந்தது முற்பிறப்பில் அவன் செய்த வினையால் என்று சொல்லிவிட்டால், அவனுடைய துன்பத்துக்கு வேறு எவரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். உயிர்ப்பை நம்புகிறவன் அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஒரே பிறவியில், இந்த ஒரே உடலில் பட்ட அடியும் பசியும் கடவுள் முன் கணக்கில் இருக்கின்றன. வயலில் வெந்த அதே உடலை, அவமானப்பட்ட அதே உடலை, அவர் பெயர் சொல்லி எழுப்புவார். கல்லறை வாசலில் அழுது நின்ற மரிய மதலேனாளையும் ஆண்டவர் பெயர் சொல்லித்தானே அழைத்தார்?

நம் ஊர்களில் சாவுச் சேதி சொல்லப் போவதும், குழி வெட்டுவதும் ஒரு தெருவாரின் தலையில் கட்டப்பட்ட வேலையாக நெடுங்காலம் இருந்தது. உயிர்ப்புச் சேதியை முதலில் சொல்லப் போனவள் ஒரு பெண். பெண்ணின் சாட்சியம் பெரிதாக மதிக்கப்படாத காலம் அது. சேதி சொல்லுகிறவர் தாழ்ந்தவர் என்ற கணக்கை ஆண்டவர் உயிர்த்த காலையிலேயே மாற்றிவிட்டார்.

புதுவையில் இடிந்த சுவர்

நம் உயர் மறைமாவட்டத்தின் தலைநகரான புதுவையில் சேசுசபைக் குருக்கள் கட்டிய சம்பாக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பதற்காக அது எழுப்பப்பட்டது. 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார். ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய குருவானவரிடம் சென்று, நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களுக்கு ஏன் இந்த வேற்றுமை என்று முறையிட்டார்கள். அது நியாயம் என்று கண்டு அவர் சுவரை அகற்றினார். மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள்; ஊரில் கலகமாயிற்று. 1761இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தபோது அந்தக் கோயிலே அழிந்தது. இன்றுள்ள பேராலயம் பிறகு எழும்பியது. கல்லால் ஆன சுவர் போய்விட்டது. மனத்துக்குள் இருந்த சுவர் அத்தனை எளிதில் போகவில்லை என்பதை நம் தாத்தா பாட்டிமார் அறிவார்கள்.

தாது வருஷப் பஞ்சம்

நம் பக்கத்துக் கிறிஸ்தவ வரலாற்றைப் பேசும்போது 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை விட்டுவிட முடியாது. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் பசியாலும் காலராவாலும் மடிந்தார்கள். இரண்டு ஆர்க்காடு மாவட்டங்களும் அதில் அடிபட்டன. அந்நாளில் பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள் இங்கே ஊழியம் செய்துவந்தார்கள். பஞ்சக் காலத்திலும் அதன்பின் வந்த ஆண்டுகளிலும் ஏழை எளியவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். செஞ்சிக்கு வடமேற்கே சேத்துப்பட்டில் லூர்து மாதா கோயிலைக் கட்டி, 1916இல் அங்கேயே மரித்த தார்ராஸ் சுவாமிகளின் பெயரை இன்றும் மக்கள் பக்தியோடு சொல்லுகிறார்கள்.

கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று அவர்களை ஏளனம் பேசியவர்கள் உண்டு. பசித்தவன் உணவு இருக்கும் இடத்துக்கு வருவதில் வெட்கமென்ன? உயிர்த்த ஆண்டவரே கடற்கரையில் அப்பமும் மீனும் ஆயத்தப்படுத்திச் சீடர்களைச் சாப்பிட அழைத்தார் என்று அருளப்பர் எழுதியிருக்கிறார். அந்த ஏழைகளுக்குக் கஞ்சியோடு வேறொன்றும் கிடைத்தது. கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது. இறந்தோர் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது. மந்திரித்த மண்ணில், சிலுவையடியில், ஓர் இடம் கிடைத்தது. வழியோரம் சவங்கள் நாதியற்றுக் கிடந்த காலத்தில் அது சிறிய காரியமல்ல.

மல்லாட்டை விதைக்கிற நம் மக்களுக்குச் சின்னப்பர் கூறும் விதை உவமையை விளக்க வேண்டியதில்லை. பசி எவ்வளவு இருந்தாலும் விதைக்கென்று எடுத்துவைத்ததைத் தொட மாட்டோம். ஆடி மழையை நம்பி அதை மண்ணுக்குக் கொடுக்கிறோம். மண்ணில் போட்டது தொலைந்துபோயிற்று என்று எந்தக் குடியானவனும் அழுவதில்லை.

கறுப்பிலிருந்து வெள்ளைக்கு

முதியவர்களுக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் உயிர்ப்புத் திருவிழிப்புச் சடங்குகள் பெரிய சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிடும். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1951இல் அதை இரவுக்கு மாற்ற அனுமதி தந்தார். 1956 முதல் அது எங்கும் வழக்கமாயிற்று. இருண்ட கோயிலுக்குள் பாஸ்காத் திரி ஒன்று நுழைய, அதிலிருந்து எல்லார் கைத்திரிகளும் பற்றிக்கொள்ளும் காட்சியை அன்றுமுதல் காண்கிறோம்.

இறந்தவர்களுக்கான திருப்பலியில் குருவானவர் கறுப்பு உடை அணிந்தது அந்நாளைய வழக்கம். 2ஆம் வத்திக்கான் சங்கம் 1963இல், அடக்கச் சடங்கு கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்காத் தன்மையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று விதித்தது; 1969இல் புதிய சடங்குமுறை வந்தது. இன்று வெள்ளை உடை காண்கிறோம். சவப்பெட்டியின் அருகே பாஸ்காத் திரி எரிகிறது. அந்தத் திரி மேல்தெரு, கீழ்த்தெரு என்று பார்த்து எரிவதில்லை.

2008 மார்ச் 9

இனிச் சொல்லப்போவது மனத்துக்கு வருத்தம் தருவது. ஆயினும் யூபிலி ஆண்டில் உண்மையை மறைப்பது அழகல்ல. சாதிப் பாகுபாட்டுக்குக் கிறிஸ்தவ வாழ்வில் இடமே இல்லை என்று இந்திய ஆயர் பேரவை 1982இல் திருச்சியில் கூடி அறிவித்தது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் இதையே வற்புறுத்தினார். அதற்குப் பின்னும், அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள எறையூரில் கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களோடு மோதினார்கள். கோயில் காரியங்களிலும் இறுதிச் சடங்கிலும் சம இடம் வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்ததன் தொடர்ச்சி அது. வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள்.

அந்த நாள் 2008 மார்ச் 9, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உயிர்ப்புத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டே வாரம் இருந்தது. அன்று திருப்பலியில் உலகெங்கும் வாசிக்கப்பட்ட சுவிசேஷம் லாசரு உயிர்பெற்ற வரலாறு. கல்லறையிலிருந்து லாசருவை அழைத்தவர் ஆண்டவர். ஆனால் அவன் மேலிருந்த கட்டுகளை அவிழ்க்கும் வேலையை அவர் சுற்றி நின்றவர்களிடம் கொடுத்தார்.

நம் கையிலுள்ள வேலை

யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் இதை எழுதவில்லை. எறையூரைப் பார்த்து விரல் நீட்டும் தகுதி எந்த ஊருக்கும் எளிதில் வந்துவிடாது. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு போகும்போது நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்வோம். அடக்கத்துக்குப் போகும் வழி எல்லாருக்கும் ஒன்றுதானா? சவ வண்டி ஒன்றுதானா? அடுத்த தெருவில் சாவு விழுந்தால் நாம் போய்த் தோள் கொடுக்கிறோமா? திருச்சபை 1963இல் தகனத்துக்கு அனுமதி தந்தது. சாம்பலைப் புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் நினைவூட்டியது. புதைத்தாலும் எரித்தாலும் எழுப்புகிறவர் ஒருவரே. அவர் எழுப்பும் நாளில், நாம் நடுவே விட்ட இடைவெளியைப் பார்த்து எழுப்பப்போவதில்லை.

யூபிலி என்பது இஸ்ராயேல் மக்களுக்கு ஐம்பதாம் ஆண்டு. அந்த ஆண்டில் அடிமைகள் விடுதலை பெறவும், இழந்த நிலம் உரியவர் கைக்குத் திரும்பவும் வேண்டும் என்று மோயீசன் சட்டம் கட்டளையிட்டது. வாணவேடிக்கையும் தேரும் முடிந்த பிறகும் நிற்கிற யூபிலி அதுதான். பங்கு மக்களே, அடுத்த உயிர்ப்பு இரவில் கைத்திரியைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் நிற்பவர் எந்தத் தெருக்காரர் என்று பாராமல் அவர் திரியிலிருந்து நெருப்பு வாங்கிக்கொள்வோம். நம்மில் அடுத்து யார் மரித்தாலும், அவரை ஊரே கூடி, ஒரே வழியில், ஒரே செபத்தோடு கொண்டுபோய் விதைத்துவிட்டு வருவோம். விளைச்சலை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

உயிர்த்த ஆண்டவர் நம் குடும்பங்களையும் நம் பங்கையும் ஆசீர்வதிப்பாராக.