ரைசர்: சாலையிலிருந்து கணினிக்கு

அமெரிக்காவில் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் இகழ, அரிசி உண்ணும் ஆசியரை எள்ளும் இனவெறித் தொனியுடன் எழுந்த வசையிலிருந்து பிறந்த ‘ரைசர்’, எஞ்சினைத் தொடாமல் பெரிய பின்னிறகும் அகன்ற சைலன்சரும் பொருத்தி வேகத்தின் தோற்றத்தை மட்டும் காட்டுவோருக்கான கேலிப்பெயராயிற்று. 2002இல் 1.0 பதிப்பு வெளியான ஜென்டூ லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தில், மூலநிரலைப் பயனரே தம் கணினியில் கம்பைல் செய்ய, அதாவது இயந்திர மொழிக்கு மாற்ற, வேண்டியிருந்தமையால், கம்பைலருக்கான கட்டளைக் குறிப்புகளை அடுக்கடுக்காய்ச் சேர்த்து, இரவெல்லாம் காத்திருந்து, உணரவும் இயலாத வேகத்தைப் பெருமை பேசியோர்மீது அப்பெயர் ஒட்டிக்கொண்டது. நிரலிலுள்ள சுழல்களை விரித்தெழுதச் சொல்லும் ‘அன்ரோல் லூப்ஸ்’ குறிப்பே அக்கேலியின் அடையாளமானது. அது நிரலைப் பருக்கச்செய்து சில வேளை வேகத்தைக் குறைப்பதும் உண்டாகையால், கேலி முற்றிலும் நியாயமற்றதன்று. பிற்காலத்தில் திரைமுகப்பை அழகுபடுத்துவோர் தம் வேலையை ‘ரைசிங்’ என்று தாமே பெருமையுடன் அழைத்துக்கொண்டனர். அதன் இனவெறி வேரைச் சுட்டி அச்சொல்லைத் தவிர்ப்போரும் உளர்.