வீட்டுக் குளுக்கோமீட்டர் காட்டும் அளவு எவ்வளவு துல்லியமானது?

விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு, சர்க்கரை அளவைச் சில நொடிகளில் காட்டும் கருவி குளுக்கோமீட்டர் ஆகும். தருமபுரியை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின் மூலம் தமிழகத்தில் நீரிழிவு நோயாளிகளின் வீட்டிலேயே இப்பரிசோதனை செய்யப்படுகிறது. இக்கருவி காட்டும் அளவு ஆய்வக முடிவிலிருந்து ஓரளவு வேறுபடக்கூடும் என்பதை நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

அனுமதிக்கப்படும் வேறுபாடு

ஐ.எஸ்.ஓ. 15197:2013 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, குறைந்தது 95 விழுக்காடு முடிவுகள் பின்வரும் எல்லைக்குள் அமைய வேண்டும்.

• ஆய்வக அளவு 100 மி.கி./டெ.லி.க்குக் குறைவாக இருப்பின்: 15 மி.கி. கூடுதல் அல்லது குறைவு
• 100 அல்லது அதற்கு மேல் இருப்பின்: 15 விழுக்காடு கூடுதல் அல்லது குறைவு

எடுத்துக்காட்டாக, உண்மையான அளவு 200 எனில், தரமான கருவியும் 170 முதல் 230 வரை காட்டக்கூடும். உண்மையான அளவு 65 ஆக இருக்கையில் 80 எனக் காட்டினாலும் அது தர எல்லைக்குள்ளேயே அடங்கும். ஆனால் 70-க்குக் கீழ் என்பது தாழ்சர்க்கரை நிலையாகும்.

தவறான அளவிற்கான காரணங்கள்

• மாம்பழம் போன்ற பழங்களைத் தொட்ட கையைக் கழுவாமல் பரிசோதித்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சோப்பினால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே பரிசோதிக்கவும்.
• காலாவதியான, வெப்பத்திலோ ஈரத்திலோ இருந்த ஸ்டிரிப்புகள் பிழையான அளவைத் தரும். ஸ்டிரிப் குப்பியை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்கவும்.
• இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.
• தோலில் பொருத்தும் சென்சார், திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் சர்க்கரையை அளவிடுகிறது. ஆகவே, சர்க்கரை விரைவாக ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் அளவு சில நிமிடங்கள் பின்தங்கும்.

சரிபார்க்கும் முறை

அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது கருவியையும் எடுத்துச் செல்லவும். கையில் இரத்தம் எடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் விரல் நுனியிலும் பரிசோதித்து, இரு முடிவுகளையும் ஒப்பிடவும். உணவு உண்ட பின் விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்குமாதலால், அப்போது ஒப்பிடுதல் பொருந்தாது. வேறுபாடு மேற்கூறிய எல்லையைத் தாண்டினால், புதிய ஸ்டிரிப் கொண்டு மீண்டும் பரிசோதிக்கவும். அடுத்தடுத்த முறைகளிலும் அவ்வாறே இருப்பின் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• நீரிழிவு நோய் உள்ளதா என்பதை ஆய்வகப் பரிசோதனை மூலமே உறுதி செய்ய வேண்டும்.
• ஒரே ஒரு அளவை வைத்து இன்சுலின் அல்லது மாத்திரையின் அளவைத் தாங்களாகவே மாற்றக் கூடாது.
• வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் இருந்தால், கருவி இயல்பான அளவைக் காட்டினாலும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து பருகி, 15 நிமிடங்களில் மீண்டும் பரிசோதிக்கவும்.
• நோயாளி மயக்கமுற்றிருந்தால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், உடனடியாக 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.