சொந்த அரட்டை சர்வர்: கைவேலையிலிருந்து தானியங்கி நிறுவல் வரை

ஐஆர்சி என்னும் இணைய அரட்டை முறை 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே தம் துறையின் சன் சர்வரைப் பராமரித்துவந்த யார்க்கோ ஒய்க்காரினென் அதை எழுதினார். 'தோல்சுன்' என்ற பல்கலைக்கழகக் கணினியே முதல் சர்வர். விரைவில் பிற பல்கலைக்கழகங்களும் அதே மென்பொருளைத் தங்கள் கணினிகளில் நிறுவி ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டன. முழு வலைக்கும் ஒரே உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஒவ்வொரு சர்வரும் அதன் நிர்வாகியின் பொறுப்பில் இருந்தது.

அந்நாளில் சர்வரை அமைப்பது முழுக்கக் கைவேலை. நிர்வாகி மூலநிரலை இறக்கி, தம் இயங்குதளத்துக்கு ஏற்றபடி திருத்தி, தொகுத்து நிறுவ வேண்டும். பிறகு அமைவுக் கோப்பில் ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். வரியின் முதல் எழுத்து அதன் வேலையைச் சொல்லும். 'சி', 'என்' வரிகள் எந்தச் சர்வரோடு இணைவது என்பதையும், 'ஐ' வரி யாரை உள்ளே விடுவது என்பதையும், 'ஓ' வரி யாருக்கு மேலாளர் உரிமை என்பதையும், 'கே' வரி யாருக்குத் தடை என்பதையும் தீர்மானித்தன. இரு சர்வர்கள் இணைய வேண்டுமானால் இரு பக்கக் கோப்புகளிலும் பெயரும் கடவுச்சொல்லும் பொருந்த வேண்டும். அதற்கு நிர்வாகிகள் முன்கூட்டியே பேசி உடன்பட்டிருக்க வேண்டும்.

இந்த வரிகள் வலையின் அரசியலையே முடிவுசெய்தன. 1990-இல் பெர்க்லியில் இருந்த 'எரிஸ்' என்ற சர்வர், கடவுச்சொல் கேட்காமல் எந்தச் சர்வரையும் தன்னோடு இணைய அனுமதித்தது. இதை ஏற்காத நிர்வாகிகள் தங்கள் கோப்புகளில் ஒரு தடை வரியைச் சேர்த்து எரிஸை ஒதுக்கினர். அவர்கள் பக்கம் நின்ற சர்வர்கள் இஎஃப்நெட் என்ற பெயரில் நிலைத்தன. 1993-இல் ஐஆர்சி நெறிமுறை ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணமாக வெளியானது. 1996-இல் இஎஃப்நெட்டும் பிளவுபட்டு, அதிலிருந்து ஐஆர்சிநெட் தனியே பிரிந்தது.

அடுத்த கட்டம் ஜாபர் என்ற அரட்டை முறை. ஜெரமி மில்லர் 1999 ஜனவரியில் இதை அறிவித்தார். 2004-இல் இது எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரநிலையானது. மின்னஞ்சலைப் போலவே இதில் முகவரி பயனர் பெயரும் டொமைன் பெயரும் சேர்ந்தது. அதனால் யாரும் தம் டொமைனில் சர்வர் நடத்தலாம். பிற சர்வர்களில் உள்ளவர்களோடு முன் உடன்பாடு ஏதுமின்றிப் பேசலாம்.

சுதந்திரம் கூடியபோது நிர்வாகியின் வேலையும் கூடியது. டொமைன் பெயரைச் சர்வருக்குச் சுட்டும் டிஎன்எஸ் பதிவுகள், பயனர் இணைப்புக்கு 5222, சர்வர்களுக்கு இடையிலான இணைப்புக்கு 5269 என இரு போர்ட்டுகள், குறியாக்கச் சான்றிதழ், தரவுத்தளம் ஆகிய அனைத்தும் ஒத்திசைய வேண்டியிருந்தது. 2002-இல் அலெக்ஸி ஷெப்பின் எர்லாங் மொழியில் தொடங்கிய ஈஜாபர்டி சர்வர் வேகத்துக்குப் பெயர்பெற்றது. வாட்ஸ்அப்பும் அதைத் திருத்தியே தன் சேவையைக் கட்டியது. அதன் அமைவுக் கோப்பும் நெடுங்காலம் எர்லாங் இலக்கணத்திலேயே இருந்தது. ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் புள்ளி வைக்க வேண்டும். ஒரு புள்ளி விடுபட்டால் கோப்பு செல்லாது. 2013-இல்தான் அது எளிதாகப் படிக்கக்கூடிய யாமல் வடிவத்துக்கு மாறியது.

இதே காலத்தில் வேறொரு துறையில் இந்தக் கைவேலைக்கு விடை உருவாகிக்கொண்டிருந்தது. 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜெஸ், பலவகைக் கணினிகளைப் பராமரிக்கும் சிரமத்தைக் குறைக்க சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை நிர்வாகி எழுதிவைப்பார். அந்த நிலைக்குக் கொண்டுசேர்ப்பது கருவியின் வேலை. எத்தனை முறை இயக்கினாலும் முடிவு ஒன்றே. 2005-இல் பப்பெட், 2009-இல் செஃப் ஆகிய கருவிகள் இந்த வழியை விரிவாக்கின.

2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்சிபிள், சிறிய நிர்வாகிகளுக்குப் பொருத்தமாக அமைந்தது. சர்வரில் தனி முகவர் நிரல் எதையும் நிறுவத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பும் பைத்தானும் போதும். ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவரும் இதைக் கற்றுப் பயன்படுத்த முடிந்தது. 2013-இல் வந்த டாக்கர், மென்பொருளையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒரே பொதியாக்கியது. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்க்ரிப்ட், 90 நாள் செல்லுபடியாகும் சான்றிதழை இலவசமாகவும் தானாகவும் வழங்கத் தொடங்கியது. சொந்த சர்வரின் பெரிய தடைகள் பல இந்த மூன்றாலும் தளர்ந்தன.

அலுவலக அரட்டையில் ஸ்லாக் போன்ற நிறுவனச் சேவைகள் வேகமாகப் பரவிய காலமும் இதுவே. அவற்றுக்கு மாற்றாக மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், ஜூலிப் ஆகிய மூன்றும் 2015-இல் திறமூல மென்பொருளாகக் கிடைத்தன. இவற்றின் நிறுவலில் தானியக்கக் கருவிகள் உள்ளேயே புகுந்துவிட்டன. ஜூலிப்பின் நிறுவி உள்ளுக்குள் பப்பெட்டை இயக்குகிறது. மூலநிரல் மேலாண்மைத் தளமான கிட்லேப் தன் ஆம்னிபஸ் என்ற நிறுவல் பொதியில் மேட்டர்மோஸ்ட்டைச் சேர்த்தது. அந்தப் பொதி செஃப் கொண்டு இயங்கியதால், அமைவுக் கோப்பில் ஒரு முகவரியை எழுதி ஒரு கட்டளை கொடுத்தாலே அரட்டை சர்வர் தயாரானது. சொந்தச் சர்வரின் தேவை எவ்வளவு அவசரமானது என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு மே மாதத்தில் ஸ்லாக், பிற மென்பொருள்களிலிருந்து இணைய உதவிய தன் ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி வாயில்களை மூடியது. ஜூலையில் ஹிப்சாட் என்ற தன் அலுவலக அரட்டைச் சேவையை நிறுத்துவதாக அட்லாசியன் நிறுவனம் அறிவித்தது.

ஆனால் மேட்டர்மோஸ்ட் போன்றவை ஒரு நிறுவனத்துக்குள் அடங்கும் தனித்தீவுகள். சர்வர்கள் தமக்குள் பேசும் பழைய மரபை மீட்டெடுத்தது மேட்ரிக்ஸ் என்ற அரட்டை நெறிமுறை. மேத்யூ ஹாட்ஜ்சனும் அமாண்டின் லெ பாப்பும் 2014 செப்டம்பரில் இதைத் தொடங்கினர். இதில் ஓர் அறையின் உரையாடல், அதில் பங்குபெறும் எல்லாச் சர்வர்களிலும் படியெடுக்கப்படுகிறது. ஒரு சர்வர் நின்றாலும் உரையாடல் அழியாது.

மேட்ரிக்ஸ் சர்வரை நிறுவுவது முந்தைய எதையும்விடச் சிக்கலானது. பைத்தானில் எழுதப்பட்ட சினாப்ஸ் சர்வர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், முன்னே நிற்கும் வலை சர்வர், சான்றிதழ், அழைப்புகளுக்கான டர்ன் சர்வர், எலிமென்ட் என்ற வலைச் செயலி, பிற அரட்டைச் சேவைகளுக்கான பாலங்கள் எனப் பல உறுப்புகள் தேவை. 2019 ஜூனில் வந்த சினாப்ஸ் 1.0, தானே ஒப்பமிட்ட சான்றிதழ் கொண்ட சர்வர்களோடு இணைவதையும் நிறுத்திக்கொண்டது.

இத்தனையையும் ஒன்றுசேர்க்கத் தன்னார்வலர்கள் ஆன்சிபிளையும் டாக்கரையும் இணைத்து ஒரு திறமூலத் தொகுப்பை உருவாக்கினர். பயனர் இரண்டு கோப்புகளை எழுதினால் போதும். ஒன்றில் சர்வரின் முகவரி. மற்றொன்றில் டொமைன் பெயர், ரகசியச் சாவிகள், வேண்டிய உறுப்புகள். பின் ஒரே கட்டளையில் கருவி சர்வருக்குள் சென்று டாக்கர் பொதிகளை இறக்கி, அவற்றைச் சேவைகளாகப் பதிந்து, சான்றிதழ் பெற்று இயக்கிவிடும். புதிய பதிப்பு வரும்போது தொகுப்பைப் புதுப்பித்து அதே கட்டளையை மீண்டும் கொடுக்க வேண்டும். சர்வரே பழுதானாலும், இந்தக் கோப்புகளும் தரவின் பேக்கப்பும் இருந்தால் வேறொரு கணினியில் அதை எழுப்பிவிடலாம்.

தானியக்கம் எடுத்துக்கொள்ளாத பொறுப்புகளும் உண்டு. சர்வர் பெயர் ஒவ்வொரு பயனரின் அடையாளத்திலும் பதிவதால் பின்னாளில் மாற்ற முடியாது. முதல் நாளிலேயே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொற்கள் நிறைந்த அமைவுக் கோப்பைக் குறியாக்கி வைக்க வேண்டும். தானியக்கக் கருவியையும் புதுப்பித்துக் காக்க வேண்டும் என்பதை 2019 ஏப்ரல் உணர்த்தியது. மேட்ரிக்ஸ் திட்டத்தின் சொந்தச் சர்வர்களுக்குள், புதுப்பிக்கப்படாத ஜென்கின்ஸ் என்ற தானியக்க மென்பொருள் வழியாக ஊடுருவல் நடந்தது. சர்வர்களை மீண்டும் கட்டியெழுப்பி, எல்லாப் பயனர்களையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. குறியாக்கச் சாவிகளை முன்பே சேமித்துவைக்காதவர்களால் தங்கள் பழைய குறியாக்கச் செய்திகளைப் படிக்க முடியாமல் போனது.

அதே மாதத்தில் பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக மேட்ரிக்ஸ் அடிப்படையிலான 'சாப்' செயலியை வெளியிட்டது. ஜெர்மானிய ராணுவமும் இதே வழியைப் பின்பற்றியது. அரசுகளுக்குத் தேவைப்பட்ட அதே தன்னாட்சி, ஒரு பள்ளிக்கும் சிறு சங்கத்துக்கும் குடும்பத்துக்கும் எட்டியதற்குத் தானியங்கி நிறுவலே முக்கியக் காரணம். தங்கள் உரையாடல் எந்தக் கணினியில் இருக்க வேண்டும், யார் அதைக் காக்க வேண்டும் என்பதைப் பேசுபவர்களே முடிவுசெய்ய அது வழிசெய்திருக்கிறது.