லூபஸும் கர்ப்பமும்

லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கும் நாட்பட்ட நோய். பிள்ளைபெறும் வயதுப் பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது.

இடர்கள்: முன்சூல்வலிப்பு (கர்ப்பகால உயர் ரத்த அழுத்தக் கோளாறு), கருச்சிதைவு, குறைப்பிரசவம், சிசுவின் வளர்ச்சிக் குறைவு, நோய் மீண்டும் தீவிரமடைதல். சிறுநீரக அழற்சி, உயர் ரத்த அழுத்தம், ரத்த உறைவைத் தூண்டும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடிகள்) ஆகியவை இவற்றைக் கூட்டும். தாயின் ரத்தத்தில் ரோ (Ro) எனும் எதிர்ப்பான் இருந்தால், சுமார் 2 சதவீதக் குழந்தைகளுக்குப் பிறவி இதய அடைப்பு (இதயத்தின் மின்கடத்தல் தடைபடுதல்) நேரலாம். இது பெரும்பாலும் கர்ப்பத்தின் 18 முதல் 24 வாரங்களுக்குள் தோன்றும்.

பராமரிப்பு: கருத்தரிக்கும் முன் குறைந்தது 6 மாதங்கள் நோய் அடங்கியிருக்க வேண்டும். மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மருந்துகள் சிசுவுக்குக் கேடு செய்வதால், முன்கூட்டியே மாற்று மருந்து தரப்படும். லூபஸ் மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடரப்படும். முன்சூல்வலிப்பைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினும், பாஸ்போலிப்பிட் எதிர்ப்பான் நோய்க்குறி உள்ளவர்களுக்குக் கூடவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் அளிக்கப்படும்.

விளைவு: அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2015இல் வெளியான ப்ராமிஸ் ஆய்வில், நோய் அடங்கிய அல்லது மிதமான நிலையிலிருந்த 385 பெண்களில் 81 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல் ஏதுமின்றிப் பேறுகாலம் முடிந்தது. எனவே லூபஸ் தாய்மைக்குத் தடையன்று. ஆனால் திட்டமிடல் இன்றியமையாதது. மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.