உடப்பு: மேற்குக் கரையில் ஒரு மொழித்தீவு

வகுப்பறையில் இலங்கைத் தேசப்படத்தை விரித்துத் தமிழூர்களைக் காட்டுமாறு மாணவரைக் கேட்பதுண்டு. விரல்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குச் செல்லும், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் செல்லும், மலையகத்தையும் தொடும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட கரையை அவை தொடுவதில்லை. குற்றம் மாணவருடையதன்று. அளவெட்டியின் தோட்ட வெளிகளிலிருந்து பார்க்கும் ஆசிரியராகிய நமது கண்ணிலேயே அக்கரை படவில்லை. மீன்பிடிக்கும் மக்களின் வாழ்வை வரலாறெனக் கருதாத நமது நிலவுடைமை மனப்பான்மையும் இதற்கு ஒரு காரணம் என்பதை ஒளியாது கூறவேண்டும்.

அக்கரையில் உள்ள ஊர் உடப்பு. மேற்கே கடல், கிழக்கே ஒல்லாந்தர் கால்வாயும் முந்தல் களப்பும். தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர்கள் அப்பகுதியில் உண்டெனினும், சுற்றுப்புறத்துப் பெருவழக்கு சிங்களமே. உடப்பின் வீட்டிலும் கோயிலிலும் கடற்கரையிலும் வழங்குவது தமிழ். தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்பது ஊரவர் மரபு.

அவர்கள் வேற்றுமொழி நிலத்துக்கு வந்தவர்களல்லர். 1344 இல் இபின் பதூதா புத்தளக் கரையில் இறங்கியபோது அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு முன்னேசுவரத்தில் உள்ளது. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர். தமிழ் இக்கரையில் ஆழ வேரூன்றியிருந்தது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

அவ்வாறாயின் அத்தமிழ் எங்கே போயிற்று? நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை வாழும் கத்தோலிக்க மீனவர் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் தமிழ் பேசியவர்கள். இன்று அவை சிங்களக் குடும்பங்கள். யாரும் வாளேந்தி அவர்களை மாற்றவில்லை. பாடசாலைகளிற் போதனாமொழி சிங்களமாயிற்று. சந்தையும் உத்தியோகமும் சிங்களத்தில் நடந்தன. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அப்போக்கை மேலும் வலுப்படுத்திற்று. தாய் தமிழில் அழைக்கப் பிள்ளை சிங்களத்தில் விடையிறுத்தது. அப்பிள்ளை தாயானபோது சிங்களத்திலேயே அழைத்தாள். இவர்களை மொழியைக் கைவிட்டவர்கள் என்று பழித்தல் எளிது. ஆயின் வறிய மீனவன் தன் பிள்ளையைக் கிட்டிய பாடசாலைக்கு அனுப்பினான். அவன் செய்தது அவ்வளவே.

உடப்பில் மொழி நின்றதற்குக் காரணம் இரத்தத்தின் தூய்மையன்று. கோயில், பாடசாலை, தொழில் ஆகிய மூன்றும் அங்கு ஒரே மொழியில் இயங்கின. திரௌபதி அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் 18 நாள் விழா நடைபெறுகிறது; பாரதக் கதையோடு இணைந்த அவ்விழாவிலே தீமிதிப்பு இடம்பெறும். ஊர்ப் பிள்ளைகள் தமிழ்மொழிமூலம் கற்கின்றனர். தொழிலோ கரைவலை. இரு கயிறுகளிலும் வரிசையாக நின்று பலர் ஒரே மூச்சில் இழுக்கவேண்டிய வேலை அது. அம்மூச்சை ஒழுங்குபடுத்துவது அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். இழுப்பின் அளவே அடியின் அளவு. பாட்டு உழைப்பிற் பிறந்தது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

இத்தகைய மொழித்தீவுகள் பிறநாடுகளிலும் உள. சுவிற்சர்லாந்தில் இத்தாலிய மொழி வழங்கும் திச்சீனோ மாநிலத்தில், பொஸ்கோ குரின் என்னும் மலைக்கிராமம் ஒன்றே மரபுவழி ஜெர்மன் மொழி பேசும் ஊர். வால்சர் எனப்படும் குடியேறிகளின் ஊரான அங்கு 1253 இலேயே தேவாலயம் எழுந்தது. அவர்கள் மொழியை எவரும் தடைசெய்யவில்லை. எனினும் மலையில் பிழைப்பு அருகவே மக்கள் இறங்கிச் சென்றனர். இன்று நிலையாக வாழ்வோர் நூற்றுக்கும் குறைவு. 1938 இல் திறந்த அரும்பொருளகம் மட்டும் பழம்பொருள்களைக் காத்து நிற்கிறது. இதற்கு மாறானது தென் தைரோலின் கதை. முசோலினி ஆட்சி 1923 இல் அங்கு ஜெர்மன் மொழிக் கல்வியை ஒழிக்க முற்பட்டது. இளம் ஆசிரியைகள் வீடுகளில் மறைவாகப் பள்ளி நடத்தினர், சிறைக்கும் அஞ்சவில்லை. அம்மொழி இன்றும் அங்கு வாழ்கிறது.

தடையை எதிர்த்து நின்ற மொழியும் பிழைப்பு அற்ற இடத்தில் நிலைக்காது என்பதே இவ்விரண்டும் தரும் பாடம். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அது வேண்டியதே. ஆயினும் அவ்வுரிமை மட்டும் கடற்கரை மக்களின் வயிற்றை நிரப்பாது. இலங்கையின் பல கரைகளில் உழவு இயந்திரம் கரைவலையை இழுக்கத் தொடங்கிற்று. முதுகு முறியும் வேலை குறைவது நன்றே. ஆனால் வேலை இழந்த கைகளுக்கு வேறு வழி யாது? கை ஓய்ந்த இடத்திற் பாட்டும் ஓய்கிறது.

அம்பாப் பாட்டுகளைத் தொகுத்து ஒலிப்பதிவு செய்தல் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் உரிய நற்பணி. வலையிழுப்பவனுக்கு அவ்வலையின் மீனில் உரிய பங்கு கிடைக்கின்றதா என்று கேட்பது, அதனினும் முந்திய பணி.