கொள்வனவுச் சலுகையும் கூலியும்

ஐக்கிய அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நீங்காதிருந்த வேளையில், 1938 யூன் 25 ஆந் திகதி ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் இரு சட்டங்களில் ஒப்பமிட்டார். ஒன்று, நியூயோர்க்கைச் சேர்ந்த செனற்றர் றொபேட் வாக்னர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கரோலைன் ஓடே ஆகியோரின் பெயரால் வழங்கும் வாக்னர் - ஓடே சட்டம். விழிப்புலனற்றோர் தொழிற்கூடங்களில் உற்பத்தியாகும் விளக்குமாறு, தரைத்துடைப்பான் முதலியவற்றைச் சமஷ்டித் திணைக்களங்கள் நியாய விலைக்குக் கொள்வனவு செய்தல் வேண்டுமென அது விதித்தது. நிலையான சந்தையற்றிருந்த அக்கூடங்களுக்கு அரசே சந்தையாயிற்று.

மற்றையது நியாயத் தொழில் நியமச் சட்டம். நாட்டிற்குக் குறைந்தபட்சக் கூலியை வகுத்த அதுவே, அங்கக் குறைபாட்டால் உழைப்பாற்றல் குன்றியோர்க்குச் சிறப்பு அனுமதியின்பேரில் அதனினும் குறைவாகக் கொடுக்கவும் இடமளித்தது. வேலைக்கு வழிசெய்த நாளே கூலிக் குறைப்புக்கும் வழிவிட்ட நாளாயிற்று.

1971 இல் செனற்றர் ஜேக்கப் ஜாவிற்ஸின் முயற்சியால் ஏனைய கடும் அங்கக் குறைபாடுடையோர்க்கும் இச்சலுகை விரிந்தது. சேவைகளும் அதனுள் அடங்கின. நேரடி உழைப்பு மணிகளில் 75 சதவீதம் இத்தகையோருடையதாதல் வேண்டும். படைச்சேவையில் ஊனமுற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியை வகுத்தது. அவர்களுக்குச் சொந்தமான சிறு நிறுவனங்களுக்கென ஒப்பந்தங்களை ஒதுக்க அது இடந்தந்தது. முன்னையது தொழிலாளியையும் பின்னையது உரிமையாளரையும் நோக்கியதாகும்.

வாக்னர் - ஓடே வழிவந்த ஒப்பந்தங்களிற் குறைகூலி வழங்குதல் 2022 ஒக்டோபரிலேயே தடைசெய்யப்பட்டது. இடைப்பட்ட காலம் 84 ஆண்டுகள். கொள்வனவுச் சலுகை தொழிற்கூடத்தைக் காத்தது. ஆயினும் அதன் பயன் தொழிலாளியின் கையை எட்டுதற்குத் தனியான விதியொன்று வேண்டியிருந்தது என்பதே இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மையாகும்.