ஒரே மருந்து, இரண்டு அறை

எல்.எஸ்.டி. என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஹிப்பிகளும் கோவா கடற்கரையும்தான். அதையே குடியை நிறுத்த டாக்டர்கள் மருந்தாகக் கொடுத்த காலம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? வங்கியில் குப்பை கொட்டுகிறவன் என்பதால், இந்த வரலாற்றை வரவு செலவாகவே படித்தேன்.

சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாஃப்மன் இதை 1938-ல் தயாரித்தார். இது மனதை என்ன செய்யும் என்பது 1943-ல்தான் அவருக்கே தெரிந்தது. 1947 முதல் 'டெலிசிட்' என்ற பெயரில் மனநல டாக்டர்களுக்குப் போனது.

1951-ல் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் கனடாவின் வேபர்ன் மனநல மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஏப்ரம் ஹாஃபர் என்ற டாக்டர் கூட்டாளி ஆனார். மொடாக்குடியர்களுக்கு ஒரு கட்டத்தில் நடுக்கமும் பிரமையும் வரும். அதில் பயந்துபோய்க் குடியை விட்டவர்கள் உண்டு. அந்தப் பயத்தை மருந்தால் வரவழைக்கலாம் என்று இருவரும் திட்டம் போட்டார்கள்.

நடந்ததோ வேறு. பலர் பயப்படவில்லை, தங்கள் வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்த்த மாதிரி இருந்தது என்றார்கள். டாக்டர்கள் வழியை மாற்றினார்கள். அமைதியான அறை, இசை, கூடவே உட்கார ஒருவர், பிறகு மனம் விட்டுப் பேச்சு. பாதிப் பேர் தேறினார்கள் என்று எழுதினார்கள்.

எதோடு ஒப்பிட்டீர்கள் என்று மற்ற டாக்டர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். டொராண்டோவில் ஒப்பிட்டே பார்த்தார்கள். ஆனால் அங்கே நோயாளியைக் கட்டிலோடு பட்டை போட்டுக் கட்டி மருந்து கொடுத்தார்கள். எல்.எஸ்.டி. பெறாதவர்களைவிட இவர்கள் தேறியதாகத் தெரியவில்லை. மருந்து ஒன்று, அறைதான் வேறு!

அதற்குள் மருந்து தெருவுக்கு வந்துவிட்டது. 1965-ல் சாண்டோஸ் விநியோகத்தை நிறுத்தியது. 1970-ல் அமெரிக்கச் சட்டம், 1971-ல் ஐ.நா. உடன்படிக்கை. ஆராய்ச்சி படுத்துவிட்டது. கணக்கை மூடினார்கள், தணிக்கை செய்யவில்லை.

தணிக்கை 2012-ல் நடந்தது. நார்வேயில் க்ரெப்ஸ், யோஹான்சன் என்ற இருவர், டொராண்டோவையும் சேர்த்து 6 பழைய சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 536 பேர். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 சதவீதம் பேரும் மற்றவர்களில் 38 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள். ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. அதிசய மருந்து இல்லை, ஒன்றுமில்லாததும் இல்லை.

இதே வகையில் எம்.டி.எம்.ஏ., சிலோசைபின் இரண்டையும் 2023-ல் ஆஸ்திரேலியா, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டது. 2024-ல் அமெரிக்கா, ஆதாரம் போதாது என்று எம்.டி.எம்.ஏ.வைத் திருப்பி அனுப்பியது.

எனக்குப் பட்டது இதுதான். ஊரை விட்டு வந்த குடும்பங்களில் ஒருவர் குடியில் விழுந்தால், முதலில் மறைக்கிறோம், அப்புறம் திட்டுகிறோம். வேபர்னில் அந்த மனிதர் பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

டிஸ்கி: காலேஜ் போகும் பிள்ளைகள் கவனத்துக்கு. 1985-ம் வருட போதைப்பொருள் சட்டப்படி எல்.எஸ்.டி. வைத்திருப்பதே குற்றம். 0.1 கிராமுக்கு மேல் என்றால் குறைந்தது 10 வருடம் கடுங்காவல். வீட்டில் செய்து பார்க்கிற வைத்தியம் இல்லை இது.